பதினொரு பிள்ளைகள் இருந்த பக்கம்

வெள்ளைக்காரர்களுக்குச் செத்தவர்களைக் காட்டித்தான் நான் பிழைத்தேன். நுவரெலியாவில் சண்முகராஜா முதலாளியின் விடுதிக்கு வரும் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், தபால் கந்தோர், குதிரைப் பந்தயத் திடல், வாவி, பழைய சர்ச், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைகள் என்று ஒரு சுற்றுக் காட்டுவேன். அவர்களுக்குக் கல்லறைகள்தான் ரொம்பப் பிடிக்கும். காய்ச்சலில் செத்த துரை, குதிரையிலிருந்து விழுந்து செத்த துரை, பிரசவத்தில் செத்த துரைசாணி என்று எல்லோருக்கும் கல் உண்டு, கல்லில் வசனமும் உண்டு. ஒரு துரையின் நாய்க்குக்கூட இங்கேதான் குழி என்று நானாக ஒரு கதை விடுவேன். அதற்குத் தனியாக டிப்ஸ் கிடைக்கும்.

அந்தத் துரைகளுக்குக் காடு வெட்டிக் கொடுத்துவிட்டுச் செத்த எங்கள் ஆட்களை எங்கே புதைத்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்குக் காட்டத் தெரியாது.

தொண்ணூற்றேழாம் வருஷம் நவம்பர் மாதம் என் தம்பி சதீஸ்குமாரைக் கொழும்பில் பிடித்துவிட்டார்கள். அவன் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். யுத்த நேரம். பொலிஸ் வந்து, கடைப் பையன்கள் தங்கியிருந்த அறையைச் சுற்றிவளைத்து, அடையாள அட்டை இருந்தவர்களை விட்டுவிட்டு, இல்லாதவர்களை லொறியில் ஏற்றினார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எத்தனை பேருக்கு அட்டை இருந்தது? சதீஸிடம் இருந்தது பிறப்புச் சான்றிதழின் நகல் மட்டும்தான். அதில் பிறந்த தேதி 1973 ஜனவரி பன்னிரண்டு. பொலிஸ்காரன் வயதைக் கேட்டிருக்கிறான். இவன் இருபத்தொன்று என்று சொல்லியிருக்கிறான். பேப்பர்படி பார்த்தால் இருபத்து நாலு முடியப்போகிறது. இது யாருடைய பேப்பர் என்று அன்றைக்குக் கேட்கத் தொடங்கியவர்கள் நிறுத்தவே இல்லை.

நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் விட்டார்கள். முகத்தின் வலது பக்கம் வீங்கி, காதுக்குள் ரத்தம் காய்ந்திருந்தது. நான் சொன்னது அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அண்ணே, எனக்கு எத்தன வயசு? தெனமும் கேக்குறாங்க. எதச் சொன்னாலும் அடிக்கிறாங்க."

எனக்கும் தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணம் இருந்தது. எழுபத்திரண்டாம் வருஷக் கடைசியில், தோட்டத்தில் பஞ்சம் தலைகாட்டியபோது, ஏழு வயதில் என்னைக் கொழும்பில் ஒரு பங்களாவுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போகும்போது அம்மா வயிற்றோடு இருந்தாள். எட்டு வருஷம் கழித்து, கொஞ்சம் சிங்களமும் கொஞ்சம் இங்கிலீஷும் கற்றுக்கொண்டு திரும்பி வந்தபோது, எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் ஒரு பையன் விளையாடிக்கொண்டிருந்தான். இதுதான் உன் தம்பி என்றார்கள். ஏழு வயதுக்கு ரொம்பச் சின்னவனாக இருந்தான். பஞ்சத்தில் வளர்ந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த எழுபத்தைந்துக்கு மறு வருஷம் பிறந்தவன் என்று அம்மா அவனிடம் சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். அவளுக்குக் கணக்குப் பிசகிவிட்டது என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் ஆட்களில் யாருக்கு வயது சரியாக இருந்தது?

கொழும்பு இன்ஸ்பெக்டர் என்னிடம் சிங்களத்தில் தெளிவாகவே சொன்னார். அதே தேதியோடு இன்னொரு பதிவு வேண்டும். பள்ளிக்கூடம் அல்லது சர்ச், முத்திரையோடு. மாத முடிவுக்குள் கொண்டுவந்தால் விடலாம். இல்லையென்றால் தடுப்பு உத்தரவு போட்டுத் தெற்கே முகாமுக்கு அனுப்பிவிடுவோம், அதற்குப் பிறகு என் கையில் இல்லை என்றார். அங்கே போனவர்கள் வருஷக்கணக்கில் கிடந்தார்கள். சிலர் எங்கே கிடக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள் எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எரிந்துபோயின. மிச்சம் சர்ச்தான். எங்கள் குடும்பம் அப்பா காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிய குடும்பம். டிக்கோயாப் பக்கம் எங்கள் தோட்டத்திலேயே ஒரு சின்ன சர்ச் இருந்தது. வெள்ளைக்காரத் துரைகள் போன பிறகு அதை மூடி உர மூட்டை அடுக்கிவிட்டார்கள். அதன் புத்தகங்கள் ஏதோ ஒரு பெரிய சர்ச்சுக்குப் போயின. எந்த சர்ச் என்று அம்மாவிடம் கேட்டேன். தம்பியைப் பிடித்ததிலிருந்து அவள் நுவரெலியாவில் என்னோடுதான் இருந்தாள்.

"எனக்கு ஞாபகமில்ல முத்து" என்றாள். என் முழுப் பெயர் அழகுமுத்து.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. முதலாளி லீவு தரவில்லை. ஒரு வெள்ளைக்கார அம்மா வந்திருக்கிறாள், ஹட்டன் வரைக்கும் பழைய சர்ச்சுகளைப் பார்க்க வேண்டுமாம், நீதான் போக வேண்டும் என்றார். மிஸிஸ் ஆட்கின்ஸ் என்று பெயர், எழுபது வயதிருக்கும். அவளுடைய சிற்றப்பா இந்தப் பக்கம் தோட்டத்துரையாக இருந்து, ஊருக்குத் திரும்பிப் போகாமலே எழுபத்து நாலில் செத்துப்போனாராம். அவருடைய கல்லறையைத் தேடி வந்திருந்தாள். நான் நிலைமையைச் சொன்னேன். உன் அம்மாவும் வரட்டுமே என்றாள். அம்மாவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டேன். ஒரே வேனில் மிஸிஸ் ஆட்கின்ஸ் குழியைத் தேட, நான் பிறப்பைத் தேடப் புறப்பட்டோம்.

முதலில் நுவரெலியாவிலேயே ஒரு சர்ச். வர்ணக் கண்ணாடிகளையும், பித்தளையில் வெட்டிய பெயர்களையும், ராணி கொடுத்ததாகச் சொல்லும் ஒரு சாமானையும் பார்த்து மிஸிஸ் ஆட்கின்ஸ் போட்டோ எடுத்துக்கொண்டாள். அங்கே இருந்த பாதிரி ஐயர் என் பேப்பரைப் பார்த்துவிட்டு, உங்கள் தோட்டத்துப் புத்தகங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்காது, கீழே போய்ப் பாருங்கள் என்றார்.

அடுத்தது திம்புள்ளப் பக்கம், தேயிலை மலைக்கு நடுவில் ஒரு கருங்கல் சர்ச். பூட்டியிருந்தது. காவல்காரனைத் தேடிப் பிடித்துத் திறக்க வைக்க ஒரு மணி நேரம் போனது. உள்ளே வௌவால் நாற்றம். அலுமாரியில் இருந்த புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது. தின்னாமல் விட்டதெல்லாம் பழைய துரைமார்களின் கல்யாணங்கள். மிஸிஸ் ஆட்கின்ஸ் இந்த இடம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று ரசித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த அமைதியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

அம்மா வேனை விட்டு இறங்கவே இல்லை. கொண்டுவந்த ரொட்டியையும் தொடவில்லை.

"பேர்த் சட்டிபிக்கேட்டே போதும்னு சொல்லேன் அவங்ககிட்ட. எதுக்கு இப்புடி அலையுற?" என்றாள்.

"அவன் காது போயிருச்சும்மா. இன்னும் என்னென்ன போகணும்?" என்று கத்திவிட்டேன். பின்னால் மிஸிஸ் ஆட்கின்ஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது சர்ச் டிக்கோயாவைத் தாண்டி ஒரு மேட்டில் இருந்தது. வாசலுக்கு வந்த பாதிரியாருக்கு என் வயதுதான் இருக்கும். சுகிர்தன் பாதர், யாழ்ப்பாணத்துக்காரர், வந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றார். யாழ்ப்பாணத்து ஆள் என்பதால் மாதத்துக்கு ஒருமுறை பொலிசுக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும். அதைச் சொல்லும்போது சிரித்தார்.

"உங்கடை தோட்டத்துப் புத்தகங்கள் இங்கைதான் கிடக்கு. அந்தக் காலத்திலை அங்கத்தை ஆக்களை அடக்கினதும் இங்கைதான். ஆரும் கேட்டு வந்ததில்லை. வாங்கோ" என்றார்.

அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனேன். பலிபீடத்துக்குப் பக்கத்து அறையில், பழைய திரைச்சீலையில் சுற்றி வைத்திருந்த இரண்டு தடித்த புத்தகங்களை பாதர் மேசையில் வைத்தார். ஒன்று ஞானஸ்நானம், மற்றது அடக்கம். இரண்டாவது தனக்கு உதவும் என்று மிஸிஸ் ஆட்கின்ஸ் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பாதர் எழுபத்து மூன்றைத் தேடி எடுத்து, விரலை வைத்து வாசித்தார். சதீஸ்குமார். தகப்பன் வீரய்யா, தாய் மீனம்மா. பிறந்தது ஜனவரி பன்னிரண்டு, ஞானஸ்நானம் மார்ச் நாலு. தேதி அப்படியே பேப்பரோடு ஒத்துப்போனது. மூன்று வாரத்துக்குப் பிறகு நான் சிரித்தேன். அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். பாதர் சர்ச்சின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

அதே நேரம் மிஸிஸ் ஆட்கின்ஸ் சின்னப் பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினாள். சிற்றப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். எழுபத்து நாலு ஆகஸ்ட். பாதரிடம் அந்த வரியை வாசித்துக் காட்டினாள். தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு விரலைக் கொஞ்சம் கீழே இறக்கி, இதென்ன, இப்போது நீங்கள் வாசித்த அதே பெயர் இங்கேயும் இருக்கிறதே என்றாள்.

இங்கிலீஷில் எழுதியிருந்த தமிழ்ப் பெயர்களை எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தாள். சதீஸ்குமார். வீரய்யாவுக்கும் மீனம்மாவுக்கும் பிறந்தவன். எங்கள் தோட்டத்தின் பெயர். வயது ஒரு வருஷம் ஏழு மாதம்.

"உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பெயரா?" என்று என்னிடம் கேட்டாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை.

பாதர் பேனாவைக் கீழே வைத்தார். இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்கு அது புரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தன் பெயரும் அப்பாவின் பெயரும் அவளுக்குக் கேட்டிருந்தன. பக்கத்திலிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

"செத்துட்டான்ய்யா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை, பாதரிடம்தான் சொன்னாள். "பஞ்சத்துல செத்துட்டான். பாலு வத்திப்போச்சு. மாவுமில்ல, அரிசியுமில்ல. கெழங்கு அவிச்சுக் குடுத்தோம், வயித்தால போயே செத்துட்டான். சாவப் பதிஞ்சா அவனோட அரிசிக் கூப்பன வெட்டிருவாங்க. அதுனால பதியல. லயத்துல எல்லாரும் அப்புடித்தான் செஞ்சாங்க. சர்ச்சுல மட்டும்தான் சொன்னோம், பொதைக்கணுமே. ரெண்டு வருசம் அவன் அரிசியத்தான் தின்னோம். அதத் தின்னுதான் இவனப் பெத்தேன்."

அவளே தொடர்ந்தாள்.

"இவன் பொறந்தப்ப இவங்கப்பா சொன்னாரு, பேப்பரு இருக்கு, கூப்பன் இருக்கு, அதே பேரயே வச்சுருவோம்னு. புதுசாப் பதிய டவுனுக்குப் போனா, மூத்தவன் எங்கன்னு கேப்பாங்க. பயமாயிருந்துச்சு. ஞானஸ்நானமும் குடுக்கல. அதே பேர எந்த மொகத்தோட மறுபடியும் சாமிகிட்ட சொல்றது?"

அப்படியானால் என் தம்பிக்கு இந்த நாட்டில் எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. அவன் இருபத்தொரு வருஷமாகச் செத்தவனின் பேப்பரில் உயிரோடு இருந்திருக்கிறான். பொலிஸ்காரன் யாருடைய பேப்பர் என்று கேட்டு அடித்தபோது, அடித்தது அநியாயம், கேட்டது சரியான கேள்வி. எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. வாங்கில் அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தபோது அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"பாதர், ஞானஸ்நானத்த மட்டும் எழுதிக் குடுங்க. அது உண்மைதானே" என்றேன்.

"எழுதலாம் தம்பி. ஆனா அவங்கள் சரிபாக்க வருவாங்கள். போன மாசமும் வேறை ஒரு பெடியன்ரை பேரைப் பாக்க ரெண்டு பேர் வந்தவை. வந்தால் ரெண்டு புத்தகத்தையும்தான் புரட்டுவினம். நானோ யாழ்ப்பாணத்தான். என்ரை கையெழுத்தை ஒருக்கா இல்லை, பத்துத்தரம் பாப்பினம்."

"அப்ப அவன் சாகட்டுமா?"

பாதர் எழுந்து, ஞானஸ்நானப் புத்தகத்தை மூடினார். அடக்கப் புத்தகத்தை மூடவில்லை. மிஸிஸ் ஆட்கின்ஸிடம் இங்கிலீஷில், வாருங்கள், உங்கள் சிற்றப்பாவின் கல் எங்கே என்று காட்டுகிறேன் என்றார். கதவருகில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வரப் பத்து நிமிசம் செல்லும்" என்றார்.

நானும் அம்மாவும் அந்தப் புத்தகமும்தான் அறைக்குள் இருந்தோம். நான் பக்கத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வரிகள். முதல் வரியில் துரை. அவருக்குக் கீழே பதினொரு பேர், பதினொன்றும் எங்கள் ஆட்களின் பிள்ளைகள். எட்டு மாதம், இரண்டு வயது, பதினாறு நாள். எல்லாம் மூன்றே மாதத்துக்குள். சதீஸ் மூன்றாவது வரியில் இருந்தான்.

அம்மா எழுந்து வந்தாள்.

"எது அவன்?"

காட்டினேன். அவள் அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எழுத்தை அழித்துவிடக் கூடாது என்பதுபோல் அழுத்தாமல் வைத்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளைக்கென்று அவள் பார்த்தது அதுதான்.

"கைய எடும்மா."

"இத வுட்டா அவனுக்கு வேற ஒண்ணுமில்ல முத்து."

"இவனுக்கும் வேற ஒண்ணுமில்ல. கைய எடு."

எடுத்தாள். நான் தையல் ஓரமாகப் பிடித்து இழுத்தேன். பழைய தாள், சத்தம் அதிகமாக வந்தது. நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். மற்றப் பத்துப் பிள்ளைகளின் பெயர்களை நான் வாசிக்கவில்லை. அவர்களுக்கும் எங்கேயோ லயத்தில் தாய்மார் இருந்திருப்பார்கள். வாசித்திருந்தால் கை ஓடியிருக்காது.

வெளியே மிஸிஸ் ஆட்கின்ஸ் பாசி பிடித்த கல்லின் முன்னால் முழந்தாளிட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் குழந்தை எங்கே என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அம்மா மதிலுக்கு அப்பால் கையை நீட்டினாள். அங்கே தேயிலை இருந்தது. கொழுந்தெடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும், மேல் மட்டம் சீராக இருந்தது.

பாதர் அறைக்குத் திரும்பி வந்து மேசையைப் பார்த்தார். நான் மூடி வைத்திருந்த புத்தகத்தை அவர் திறக்கவில்லை. பாதியில் விட்ட தாளை எழுதி முடித்து, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தினார்.

"ஞானஸ்நானம் குடுத்தது உண்மை. நான் அதைத்தான் எழுதியிருக்கிறன்" என்று சொல்லி என் கையில் தந்தார். சட்டைக்குள் இருந்த தாளை அன்றைக்கு இருட்டுமுன்பே அடுப்பில் போட்டேன்.

மறுநாளே கொழும்புக்குப் போனேன். பாதர் எழுதியதைக் கொடுத்துவிட்டு, சதீஸைப் பார்க்கக் கேட்டு, அவனுடைய இடது காதுக்குள் சொன்னேன்.

"இருவத்தி நாலு. ஜனவரி பன்னண்டு, எழுவத்தி மூணு. யாரு கேட்டாலும் இதான்."

"அம்மா அப்புடிச் சொல்லலியேண்ணே."

"அம்மாவுக்கு மறந்துபோச்சு."

நத்தார்ப் பண்டிகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது விட்டார்கள். டிக்கோயாவில் அம்மாவின் லயத்துக்கே கொண்டுவந்து சேர்த்தேன். வலது காது திரும்பவில்லை. யாராவது வயதைக் கேட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளை சும்மா கேட்டால்கூட அப்படித்தான். ஆனால் உயிரோடு வந்துவிட்டான், எங்களுக்கு அது போதும் என்று இருந்தோம்.

அந்த நிம்மதி ஒரு மாதம்தான். ஜனவரிக் கடைசியில் கண்டியில் குண்டு வெடித்தது. மலையெங்கும் தேடுதல். யாழ்ப்பாணத்து ஆள் என்றால் வாத்தியாரானாலும் பாதிரியாரானாலும் விடவில்லை. சுகிர்தன் பாதரின் சர்ச்சுக்கும் வந்தார்கள். அலுமாரியைக் கொட்டினார்கள். அடக்கப் புத்தகத்தில் ஒரு பக்கம் இல்லை, கிழித்த ஓரம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. எங்கே போனது என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கிறார். சர்ச் தாளை எடுத்துக் கள்ளப் பத்திரம் செய்து வடக்குப் பையன்களுக்குக் கொடுக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஜீப்பில் ஏற்றும்போது அங்கி கழன்று சேற்றில் கிடந்ததாகவும் அதை எடுக்க விடவில்லை என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எங்கள் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே வெளியே வந்திருக்கலாம். சொல்லவில்லை. குண்டுக்குப் பிறகு வெள்ளைக்காரர் வரத்து நின்றுபோனதால் நான் வேனோடு லயத்துக்கே வந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் ஜீப் சத்தம் கேட்கும்போது நான் கதவைப் பார்த்தேன். அது எங்கள் லயத்துக்கு வரவே இல்லை.

அம்மா நாலு நாள் சாப்பிடவில்லை. ஐந்தாவது நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"போயி உண்மையச் சொல்லுவோம் முத்து. அவரப் பெத்தவளும் எங்கயோ சோறு திங்காம இருப்பா."

"சொன்னா சதீஸ மறுபடியும் புடிப்பாங்க. இந்தத் தடவ அந்தக் காதும் இருக்காது."

சதீஸ் வாசலில் உட்கார்ந்து, கேட்கும் காதை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் இருந்தான். மூத்தவனைப் பற்றி அவனிடம் நாங்கள் சொல்லவே இல்லை.

"அவனப் பத்திச் சொல்லல" என்றாள் அம்மா. "பக்கத்த நான்தான் கிழிச்சேன்னு சொல்றேன். அவ்வளவுதான். கெழவிய என்ன செய்வாங்க?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இது இன்றைக்கும் எனக்குள் அறுத்துக்கொண்டிருக்கிறது. கிழித்தவன் நான். வாசிக்கத் தெரிந்தவன் நான். சிங்களம் தெரிந்தவன் நான். அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போய், பொலிஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தனியாக நடந்து உள்ளே போனாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"நம்பல" என்றாள். "எதுக்குக் கிழிச்சேன்னு கேட்டாங்க. அடுப்புப் பத்தவைக்கன்னு சொன்னேன். தமிழ் தெரிஞ்ச சார்ஜன் ஒரு புத்தகத்தத் தூக்கிக் குடுத்து, இத வாசி ஆச்சின்னான். வாசிக்கத் தெரியாதுன்னேன். வாசிக்கத் தெரியாதவ பாதர் அறைக்குள்ள எதுக்குப் போனேன்னு எல்லாரும் சிரிச்சாங்க. யாரோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்கன்னு ஒருத்தன் சொன்னான். ஒன் புள்ளைங்களா அனுப்புனதுன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

அவள் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் புள்ளைங்களே பொறக்கலைன்னு சொன்னேன்."

இறங்கிப் போய், நான் இவளுடைய மகன், எனக்கு வாசிக்கத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது அடி தூரம்தான். நான் சாவியைத் திருகி, வேனை வந்த வழியே திருப்பினேன்.